நாலாவது டேக்

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் எடிட்டரம்மா தன் புருஷன் படமெடுக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருந்தாள். அது அவருடைய முதல் படம், அவளுக்கும் முதல் படம். இடுப்பளவு தண்ணீரில் விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை மொத்தப் பட்டாளமும் நின்று ஒரு படகுக் காட்சியை எடுத்தார்கள். கேமராக்காரருக்குக் குளிர் ஜுரமே வந்துவிட்டது. ஐயோ பாவம், இவ்வளவு பாடுபட்டு எடுத்ததில் எப்படிக் கை வைப்பது என்று எடிட்டரம்மா அதை முழுசாக விட்டுவைத்தாள். படம் வெளியானபோது சரியாக அந்த இடத்தில்தான் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தவள்தான். "யாரு எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு எனக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சா வெட்ட மனசு வராது. திரையில என்ன இருக்கோ அது மட்டும் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் பதினேழு படங்கள். ஒன்றுக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாமே வீட்டு முன்னறையில் வெட்டி ஒட்டியவை. ஜன்னலுக்கு அட்டை அடித்து இருட்டாக்கிய அறை. பிலிம் துண்டுகள் தொங்கிய கம்பியில் இப்போது துணி காய்கிறது. மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர் திரை, பக்கத்திலேயே சமையலறை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து ஒரு காட்சியை வெட்டுவாள். குக்கர் கத்தினால் எழுந்து போவாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பது அவள் பேச்சிலும் உண்டு, தொழிலிலும் உண்டு.

புருஷனைத் தொழிலில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு எழுபத்தாறு வயது. கடைசியாகப் படமெடுத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. விழா மேடைகளில் உட்காரவைத்துப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர். படம் கொடுத்தவர் ஒருத்தரும் இல்லை. அப்படிச் சும்மா கிடந்த மனுஷனைத் தேடிக்கொண்டு ஒருநாள் ஆபரேட்டர் வந்தார்.

ஆபரேட்டர் என்பது பட்டப்பெயர்தான், இப்போது அவர் தயாரிப்பாளர். சின்ன வயதிலிருந்தே தியேட்டரில் படம் ஓட்டியவர். முப்பது வருஷம் புரொஜெக்டர் அறைக்குள் நின்று, சுவரில் இருந்த ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்தவர். அப்புறம் புரொஜெக்டர் வாடகைக்கு விட்டு, அப்புறம் என்னென்னவோ செய்து மேலே வந்தார். பெரியவரின் படங்களில் எந்த நிமிஷத்தில் எந்தப் பாத்திரம் தும்மும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

"அண்ணே, உங்க படத்தை ஓட்டினவன் நான். உங்களை வச்சு ஒரு படம் எடுக்கிறவனாவும் ஆயிடுறேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"உள்ள வாடா முதல்ல" என்றார் பெரியவர். அவர் ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்காமல், காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தபடி பேசினார். பெரிய மனுஷன், அப்படித்தான் இருப்பார் என்று ஆபரேட்டர் நினைத்துக்கொண்டார்.

விஷயம் அதுவல்ல. பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது இருக்காது, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுதான் இருக்கும். ஓரப்பார்வை மட்டும் மிச்சம். ஒருத்தர் முகம் தெரிய வேண்டுமென்றால் அவர் காதைப் பார்க்க வேண்டும். டீயை ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றுவார். ஆட்களை நடையை வைத்துக் கண்டுபிடிப்பார். "பெரியவருக்கு இப்பல்லாம் தலைக்கனம், மூஞ்சியைப் பாத்தே பேச மாட்டேங்கிறாரு" என்று வெளியே பேச்சு. அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டார்கள். கண் டாக்டரையும் எடிட்டரம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கண் தெரியாத டைரக்டரை நம்பி எவன் கேமராவைத் தூக்குவான்? இதுதான் கடைசிப் படம். இதுவும் கைவிட்டுப் போனால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவார் என்று எடிட்டரம்மாவுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. கூடவே மழையும் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் அன்றைக்கு எடுத்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்து டிரைவர் கொண்டுவந்து கொடுப்பார். கூடவே குறிப்புத்தாள் வரும். ஒரே காட்சியைப் பல தடவை எடுத்ததில் பெரியவர் ஓகே சொன்ன டேக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கும்.

மூன்றாம் நாளே எடிட்டரம்மா பிடித்துவிட்டாள். வட்டம் போட்ட டேக்கில் நடிகையின் முகம் கலங்கலாக இருந்தது. பின்னால் இருக்கும் சுவரில் காரை பெயர்ந்தது துல்லியமாகத் தெரிகிறது, முகம் தெரியவில்லை. சரி, ஒன்று தப்பிவிட்டது என்று நினைத்தாள். பார்த்தால் ஐந்தில் இரண்டு அப்படித்தான். ஃபோகஸ் பார்க்கிற ஆள் புதுசு, தடுமாறுகிறான். கேமராக்காரருக்கும் பெரியவரோடு இது முதல் படம். பெரியவர் ஓகே சொன்ன பிறகு அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய சட்டம். கேமராக்காரர் அதைக் கதை கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பெரியவரே ஓகே சொல்லிவிட்டார் என்றால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும், நமக்குத்தான் புரியவில்லை என்று கம்மென்று இருந்துவிட்டார்.

எடிட்டரம்மா என்ன செய்தாள்? வட்டம் போட்டதை ஓரங்கட்டிவிட்டு, பெரியவர் வேண்டாம் என்று தள்ளிய டேக்குகளில் தெளிவாக இருப்பதைத் தேடி எடுத்து ஒட்டினாள். புருஷன் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறோமே என்று கை கூசத்தான் செய்தது. ஆனால் பெரியவருக்குத் தொந்தரவு என்று படப்பிடிப்புப் பக்கம் வராத ஆபரேட்டர், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பாரே! படம் கொஞ்சம் மங்கினாலும் அந்த மனுஷனுக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

இரண்டாவது ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண், முப்பது வருஷம் குடியிருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற காட்சி. திரையில் நடிகை கதவைச் சாத்தினாள், பூட்டினாள், இறங்கிப் போனாள்.

"நல்லாருக்கு அண்ணி" என்றார் ஆபரேட்டர்.

"இது இல்ல" என்றார் பெரியவர்.

"எது இல்ல?" என்றாள் எடிட்டரம்மா. அவள் குரல் அவளுக்கே சரியாக இல்லை.

"நான் வச்ச டேக் இது இல்ல. நாலாவதுல அவ கையில சாவியை வச்சுக்கிட்டே பைக்குள்ள தேடினா. நெசமாவே மறந்துட்டா. சில்லறை குலுங்குச்சு, அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் 'க்கும்'னு தனக்குத்தானே சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்தப் படத்தையே எடுக்குறேன்னு அன்னிக்குத் தோணுச்சு. எங்க அது?"

"இது தெளிவா இருந்துச்சுங்க. அதான்..."

"நாலாவதைப் போடு."

"அப்புறம் பாத்துக்கலாம்ங்க."

"போடுன்னு சொல்றேன்ல."

வேறு வழியில்லை, போட்டாள். நடிகை தேடினாள், மூச்சு விட்டாள், சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. எடிட்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கலங்கல் கலங்கல் என்று அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. முகம் முழுக்க மங்கல், பின்னால் கதவின் தாழ்ப்பாள் பளிச்சென்று இருந்தது. ஆபரேட்டரின் வலது கை தானாக எழுந்து காற்றில் எதையோ திருகியது. இல்லாத லென்ஸை அந்தக் கை சரிசெய்யப் பார்த்தது.

"அண்ணே" என்றார் ஆபரேட்டர் மெதுவாக. "இது... வேணும்னே இப்படிப் பண்ணதா?"

எடிட்டரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சொல்லிவிடுங்க, இதுதான் நேரம், சொல்லிவிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஆமாடா" என்றார் பெரியவர். "வேணும்னேதான்."

ஆபரேட்டர் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். "அப்படிச் சொல்லுங்க! அவளுக்கு அந்த வீடு ஞாபகமா மாறிப்போச்சு, அவ கண்ணுல தண்ணி, அதான் கலங்கல். ஐயோ, முப்பது வருஷம் ஃபோகஸ் பிடிச்சும் இந்த மண்டைக்கு எட்டலயே! அண்ணி, நாலாவதையே வச்சிருங்க. அதை எடுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவர் சந்தோஷமாகக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிப் போனார். குடை மறைந்ததும் எடிட்டரம்மா கேட்டாள். "என்ன காரியம்ங்க பண்ணீங்க?"

"நாளைக்குச் சொல்லிடுறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் போயிற்று. ஆபரேட்டர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே படப்பிடிப்புக்குப் போய்க் கேமராக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பெரியவரின் புது பாணியை விளக்கோ விளக்கென்று விளக்கியிருக்கிறார். கேமராக்காரருக்குப் பெரிய நிம்மதி. அதுவரை ராத்திரியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், இனி தைரியமாகவே கலக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். அந்த வாரம் டிபன் டப்பாவில் வந்தது முழுக்க மங்கல். ஓகே ஆனதும் மங்கல், ஆகாததும் மங்கல். சோறு பொங்குகிற காட்சி மங்கல், சண்டை போடுகிற காட்சி மங்கல், தபால்காரர் வந்து கடிதம் கொடுக்கும் காட்சியில் தபால்காரர் யாரென்றே தெரியவில்லை. மாற்றி ஒட்ட ஒரு தெளிவான டேக்கும் இல்லாமல் எடிட்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியவர் வேலைக்குக் கிளம்புமுன் முட்டையைப் பொரித்துத் தட்டில் வைத்தாள். அவர் தட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஆபரேட்டர்கிட்டச் சொல்றீங்களா?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அவன் ஒண்ணும் கோபப்பட மாட்டான். அழுவான். அழுதுட்டு என்னை மரியாதையா கார்ல ஏத்தி வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவான். வேற ஒருத்தனை வச்சு முடிச்சு, என் பேரைப் பெரிசாப் போடுவான்."

"சொல்லலைன்னா படமே போயிடும்ங்க. நடிகை மூஞ்சி தெரியாத படத்தை யாரு பாப்பாங்க?"

"எனக்குத் தெரியுதுடி!" என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. "அவ குரல்ல தெரியுது. நடையில தெரியுது. நடிப்பு சரியா தப்பான்னு இன்னிக்கும் என்னைவிட எவனும் சொல்ல முடியாது. கண்ணு மட்டும்தான் இல்ல."

பெரியவர் சாப்பிட்டு முடித்து, வாசல்படியைக் காலால் தேடி இறங்கிக் காரில் ஏறிப் போனார். படியைத் தேடிய அந்தக் காலைப் பார்த்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள். அடுப்பை அணைத்தாள், புடவையை மாற்றினாள், ஒரு வாடகைக் காரைப் பிடித்துப் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குக் கிளம்பினாள். போகிற வழியெல்லாம், ஆபரேட்டரை ஓரமாகக் கூப்பிட்டு என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

பழைய மாடிக் கட்டடம். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, அதன் அடியில் விளக்குகளை நிறுத்தியிருந்தார்கள். தரையெல்லாம் ஒயர். எடிட்டரம்மா உள்ளே நுழைந்ததும் மேக்கப்காரர் வாயைப் பிளந்தார். "யம்மா, நீங்களா! வராத ஆளு வந்திருக்கீங்க?" அவள் உதட்டில் விரலை வைத்து, ஆபரேட்டர் எங்கே என்று சைகையால் கேட்டாள். அவர் கேமரா பார்ப்பதைக் காட்டும் மானிட்டர் திரைக்கு முன்னால், போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நிற்கவும், பெரியவர் "ஆரம்பிங்க" என்று குரல் கொடுக்கவும் சரியாக இருந்தது.

நடிகை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். அறுபது வயது, நனைந்த புடவை, பெட்டியில் நிஜமாகவே கனம். ஐந்தாவது படியில் முடியாமல் உட்கார்ந்தாள். பெரியவர் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், தலையை ஒருபக்கம் சாய்த்து, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் படி தெரிந்தது, பெட்டி தெரிந்தது, அவள் முகம் புகையாக இருந்தது.

"கட். ஓகே" என்றார் பெரியவர்.

"ஓகே இல்ல" என்றாள் எடிட்டரம்மா.

அவளாகச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் திரையில் தெரிவதை மட்டும் பார்த்துப் பேசிய வாய் அது. ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று. அங்கே நின்ற நாற்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஸ்டூலிலிருந்து திரும்பினார்.

"நீ எங்க இங்க வந்த?"

"வந்துட்டேன். மூஞ்சி தெரியலைங்க. ஃபோகஸ் இல்ல."

ஆபரேட்டர் பதறிப்போய் அவள் கையைத் தொட்டார். "அண்ணி, அண்ணி, அது வேணும்னே பண்றது. அண்ணன் ஸ்டைலு. உங்களுக்குத் தெரியாதா? சத்தம் போடாதீங்க, அண்ணன் மனசு கஷ்டப்படும்."

பெரியவர் மெல்ல எழுந்தார். "தம்பி" என்றார் ஆபரேட்டரிடம். "ஸ்டைலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு நடுவுல கண்ணு தெரியலடா. ரெண்டு வருஷமாச்சு. உன் மூஞ்சியையே நான் இன்னும் ஒழுங்காப் பாத்ததில்ல."

விளக்குக்காரர்கள், மேக்கப்காரர், படியில் உட்கார்ந்திருந்த நடிகை, எல்லோரும் பெரியவரையே பார்த்தார்கள். கேமராக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேட்டரின் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே என்கிட்டப் பொய் சொன்னீங்க? நான் கேட்டேனே! வேணும்னே பண்ணீங்களான்னு வாய்விட்டுக் கேட்டேனே!"

"கேட்ட. நான் ஆமான்னேன். நீ உடனே நம்பிட்ட. கை வேற தட்டுன. அதுக்கப்புறம் எப்படிடா இல்லன்னு சொல்றது?"

"நீங்க சொன்னா நம்பாம இருப்பேனா?"

"அதாண்டா தொல்லையே. இங்க எல்லாரும் என்னை நம்புறீங்க. மூஞ்சி தெரியாத படத்தை எடுத்துக்கிட்டு நாற்பது பேரும் சும்மா நிக்கிறீங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், யோவ் கிழவா கண்ணு தெரியலையான்னு கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

ஆபரேட்டர் அழுதார். பெரியவர் காலையில் சொன்ன மாதிரியே அழுதார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. அடுத்தது காரில் ஏற்றுவதுதான் என்று எடிட்டரம்மா நினைத்தாள். தானே வந்து புருஷனின் கடைசிப் படத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று இருந்தது.

துண்டை எடுத்துவிட்டு ஆபரேட்டர் அவளைப் பார்த்தார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லுங்க. இதை அண்ணனால முடிக்க முடியுமா?"

"இந்த வாரம் எடுத்தது அத்தனையும் குப்பை" என்றாள் எடிட்டரம்மா. "மறுபடி எடுக்கணும். சாவி தேடுற நாலாவது டேக் மட்டும் கலங்கினாலும் இருக்கட்டும், அதை இன்னொருத்தரால எடுக்க முடியாது. தெளிவா இருக்கிற டேக்குதான் பெரிசுன்னு நான் அதை ஒதுக்கி வச்சவ. அவரு காதால கேட்டே அதைப் பிடிச்சாரு. அதான் எனக்குத் தெரிஞ்ச பதில்."

ஆபரேட்டர் அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, மானிட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து, முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். "கேமராவுலேர்ந்து அந்தம்மாவரைக்கும் டேப்பை வச்சு அளந்து பாருங்கப்பா, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை" என்று ஃபோகஸ்காரனிடம் சொன்னார். "போகலாம்ண்ணே."

நடிகை மறுபடி பெட்டியோடு கீழே போனாள். ஏறினாள், ஐந்தாவது படியில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

"கட்" என்றார் பெரியவர். ஓகே என்று சொல்லவில்லை. ஆபரேட்டரின் காதுப்பக்கமாக முகத்தைத் திருப்பினார். "எப்படிடா இருந்துச்சு?"

எடிட்டரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவளைக் கேட்கவில்லை. அவர் யாரையாவது இப்படிக் கேட்டால் அது அவளாகத்தான் இருந்தது இத்தனை வருஷமும். சுருக்கென்றுதான் இருந்தது, மறைப்பானேன். வாயை மூடிக்கொண்டாள்.

"ஷார்ப்பா இருக்குண்ணே" என்றார் ஆபரேட்டர்.

"அதை மிஷினே சொல்லும். நீ சொல்லு."

ஆபரேட்டருக்கு மழைக்குளிரிலும் நெற்றி வியர்த்தது. நடிகையைப் பார்த்தார், நனைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். அந்த மனுஷனின் ஒரு படத்தைக்கூட அவர் வாழ்நாளில் குறை சொன்னதில்லை.

"நல்லா இல்லண்ணே."

யாரோ ஒருவர் மெதுவாக ஐயையோ என்றார்.

"என்ன நல்லா இல்ல?"

"அந்தம்மா மூணாவது படியிலயே உக்கார முடிவு பண்ணிட்டாங்க. முகத்துல தெரிஞ்சுபோச்சு. உக்காரும்போது பாக்குறவனுக்குத் திக்குனு இல்ல."

ஆபரேட்டர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது படியில காலடி தளர்ந்துச்சு" என்றார் பெரியவர் கடைசியில். "எனக்கும் கேட்டுச்சு. சரி, இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

"முப்பத்தோரு நாள்ணே."

"முப்பத்தோரு நாளும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தப்புன்னா எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும். நான் கத்துவேன், திட்டுவேன், ஸ்டூலைத் தூக்கி அடிச்சாலும் அடிப்பேன். நீ எனக்குப் பயந்தா படம் போச்சு. புரியுதா?"

"பயமாத்தாண்ணே இருக்கு" என்றார் ஆபரேட்டர். "இருந்தாலும் சொல்றேன்."